வால்வை மூடிவிட்டால் போதுமா?

கேள்வி: போன மாதம்தான் லண்டனில், இல்ஃபோர்டில் வீடு வாங்கிக் குடிவந்தோம். ஹாலில் பழைய கேஸ் ஃபயர் (கேஸில் எரியும் ஹீட்டர்) ஒன்று சுவரோடு நிற்கிறது. எல்லா அறையிலும் ரேடியேட்டர் இருப்பதால் அது தேவையில்லை, எடுத்துவிட்டு அங்கே டிவி மாட்டலாம் என்று இருக்கிறோம். என் கணவரின் நண்பர் பிளம்பிங் தெரிந்தவர். "பக்கத்திலேயே வால்வு இருக்கிறது, அதை மூடிவிட்டுக் கழற்றினால் அரை மணி நேர வேலை" என்கிறார். செய்யச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம்மா. அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், தண்ணீர்க் குழாயில் கெட்டிக்காரராகவும் இருக்கலாம். ஆனால் தண்ணீர் சொட்டினால் தரை நனைந்து காட்டிக்கொடுத்துவிடும், கேஸ் அப்படி இல்லை.

அவர் சொல்லும் வால்வு எதுவென்று எனக்குத் தெரியும். ஃபயரின் ஓரத்தில், தரையிலிருந்து குரோம் பூச்சுப் போட்ட 8 மில்லிமீட்டர் குழாய் ஒன்று மேலே வந்து வளையும் இல்லையா, அந்த வளைவில் இருக்கும் ரெஸ்ட்ரிக்டர் எல்போ. அதன் சின்ன மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு ஸ்குரூ இருக்கும். ஃபயருக்குப் போகும் கேஸைக் கூட்டிக் குறைக்கத்தான் அந்த ஸ்குரூ. முழுக்கத் திருகினால் கேஸ் நின்ற மாதிரி இருக்கும், ஆனால் ஃபயரை எடுத்த பிறகு அந்தத் திறந்த வாயை வருஷக்கணக்கில் அடைத்து வைத்திருக்க அதை நம்பவே கூடாது. கேஸ் சாதனத்தைப் பிரித்தால் திறந்துபோன ஒவ்வொரு முனையையும் அதற்குரிய கேப்போ பிளக்கோ போட்டு அடைத்தாக வேண்டும், இது 1998ஆம் வருஷத்து கேஸ் பாதுகாப்பு விதிகளிலேயே இருக்கிறது. தகுதி இல்லாதவர் கேஸ் குழாயில் கைவைக்கவே கூடாது என்பதும் அதே விதிகள்தான், சொந்த வீடென்றாலும் அப்படித்தான். இதைத் தொழிலாகச் செய்கிறவர் கேஸ் சேஃப் என்ற அதிகாரபூர்வப் பதிவேட்டில் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரம் இல்லை, கேனிங் டவுன். 1968 மே 16, விடியற்காலையில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18ஆவது மாடியில் ஒரு பெண் டீ போட அடுப்பைப் பற்றவைக்கத் தீக்குச்சி உரசினார், கேஸ் வெடித்து கட்டடத்தின் ஒரு மூலை முழுக்கச் சரிந்தது. 4 பேர் இறந்தார்கள். அடுப்பையும் குழாயையும் இணைத்த பித்தளை நட்டு தரக்குறைவாக இருந்து உடைந்ததில்தான் கேஸ் கசிந்தது என்று விசாரணையில் தெரிந்தது. கட்டடம் சரிந்ததற்கு அதன் கட்டுமானமும் காரணம், ஆனால் ஆரம்பம் அந்த ஒரு நட்டு. நான் ஒவ்வொரு முறை ஸ்பேனர் எடுக்கும்போதும் இது ஞாபகத்துக்கு வரும்.

சரி, முறையாகச் செய்தால் எப்படி இருக்கும்? வருகிறவர் முதலில் மீட்டர் பக்கத்தில் இருக்கும் மெயின் வால்வை மூடுவார். கைப்பிடி குழாயோடு நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. (இதை வீட்டில் எல்லோரும் இன்றைக்கே போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் உட்பட.) அப்புறம் ஃபயரைப் பிரித்து, குழாயை வெட்டி, முனையை அடைத்துவிட்டு, மீட்டரில் யு வடிவக் கண்ணாடிக் குழாய் மாதிரியான கருவியையோ டிஜிட்டல் கருவியையோ மாட்டி அழுத்தம் ஏற்றுவார். ஒரு நிமிடம் அது நிலைகொள்ள விட்டுவிட்டு, அடுத்த 2 நிமிடம் அழுத்தம் விழுகிறதா என்று கண்ணெடுக்காமல் பார்ப்பார். கடைசியில் பாய்லர், அடுப்பு எல்லாவற்றையும் மறுபடி எரியவைத்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்பவேண்டும். உங்கள் நண்பரின் அரை மணி நேரத்தில் இல்லாதது இந்தச் சோதனைதான்.

ஒரு வீட்டில் ஷோகேஸை நகர்த்தினால் பின்னால் குழாய் முனையைக் குறடால் நசுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தது. எப்போது யார் செய்தது என்று அந்த வீட்டுக்காரருக்கே தெரியாது, அவர் வாங்கும்போதே அப்படித்தான். சோப்புத் தண்ணீர் தடவினேன், டேப்பின் விளிம்பில் கடுகு மாதிரி குமிழ்கள் ஒவ்வொன்றாக வந்தன. அதற்கு ஓரடி தள்ளி ஒரு பிளக் பாயிண்ட்.

நீங்கள் டிவி மாட்டப்போவதாகச் சொன்னதால் இன்னொன்று. ஃபயருக்கு வந்த குழாயை ஹாலிலேயே அடைத்துவிட்டால் சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ கேஸ் நிறைந்த குழாய் அப்படியே கிடக்கும். நாளைக்கு பிராக்கெட் மாட்ட டிரில் போடுகிறவருக்கு அது எங்கே போகிறதென்று தெரியுமா? முடிந்தால் மெயின் குழாயிலிருந்து பிரியும் இடத்திலேயே வெட்டி அடைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடுதல் செலவு ஆகும், ஆனால் நான் இதையே சொல்வேன்.

அதற்கும் முன்னால் பார்க்கவேண்டியது, ஃபயருக்குப் பின்னால் பாய்லர் இருக்கிறதா என்பது. 1970களில் நிறைய வீடுகளில் புகைபோக்கிக்குள் பேக் பாய்லரை வைத்து முன்னால் ஃபயரை மாட்டிவிடுவார்கள், இரண்டும் சேர்ந்த ஒரே அமைப்பு. உங்கள் ரேடியேட்டருக்கு வெந்நீர் எங்கிருந்து வருகிறது? சமையலறையிலோ மாடியிலோ தனி பாய்லர் கண்ணில் படவில்லை என்றால் ஃபயரைத் தொடவே தொடாதீர்கள், ஆள் வந்து பார்க்கட்டும்.

வருகிறவரிடம் கேஸ் சேஃப் கார்டைக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். முன்பக்கம் மட்டும் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், பின்பக்கம்தான் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று இருக்கும். பாய்லருக்குத் தகுதி இருப்பவருக்கு கேஸ் ஃபயருக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: ஆள் வைத்து கேஸ் ஃபயரை எடுத்துவிட்டோம். சுவரில் பெரிய ஓட்டை, குளிர்காற்று வருகிறது. செங்கல் வைத்துப் பூசிவிடலாமா? (வாசகர், ஈஸ்ட் ஹாம்)

பதில்: பூசலாம், ஆனால் முழுக்க மூச்சடைத்துவிடாதீர்கள். கீழே ஒரு காற்றுச் சல்லடை வையுங்கள், மேலே புகைபோக்கி வாயில் மழை இறங்காமல் காற்று மட்டும் போகிற மாதிரி மூடி போடுங்கள். இரண்டு பக்கமும் அடைத்தால் உள்ளே ஈரம் கட்டி, இரண்டு மழைக்காலத்தில் சுவரில் பழுப்புக் கறை இறங்கும். அந்தப் புகைபோக்கியில் வேறு எதுவும் இணைந்திருக்கவில்லை என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஓட்டைக்குள் சாம்பல் நிறப் பலகையோ கயிறோ தெரிந்தால் சுரண்டாதீர்கள். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், இங்கே அதை முழுக்கத் தடை செய்தது 1999இல்தான்.

கேள்வி: மதுரையிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். ஹாரோவில் வாடகை வீடு. குளிருக்கு கேஸ் ஃபயர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். தினமும் சாயங்காலம் இருவருக்கும் தலைவலி, வெளியே நடந்துவிட்டு வந்தால் சரியாகிவிடுகிறது. கேஸ் வாசனை எதுவும் இல்லை. குளிர்தான் ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: குளிர் என்று விட்டுவிடாதீர்கள். வீட்டுக்குள் வருகிற தலைவலி வெளியே போனால் தீர்கிறது, அதுவும் இரண்டு பேருக்கும் சேர்ந்து, என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கார்பன் மோனாக்சைடைத்தான். கேஸுக்கு வாசனை இருக்கிறதே என்பீர்கள், அது கசிவு தெரியவேண்டும் என்று சேர்க்கிற வாசனை. சரியாக எரியாமல் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகைபோக்கியில் பறவைக்கூடு அடைத்திருந்தால்கூட அது அறைக்குள்ளேயே திரும்பிவிடும்.

இதைப் படித்தவுடன் ஃபயரை அணைத்துவிட்டு ஜன்னல்களைத் திறந்து எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். 0800 111 999 என்ற கேஸ் அவசர எண்ணுக்குப் பேசுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. அப்பாவையும் அம்மாவையும் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள், கார்பன் மோனாக்சைடு சந்தேகம் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், இல்லையென்றால் காய்ச்சல் தலைவலி என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது.

வருஷத்துக்கு ஒருமுறை கேஸ் சேஃப் ஆளை வைத்துப் பரிசோதித்து அந்தப் பரிசோதனைச் சான்றின் நகலை உங்களுக்குக் கொடுக்க வேண்டியது வீட்டு உரிமையாளரின் கடமை. 2022 அக்டோபர் 1 முதல் கேஸ் ஃபயர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரமும் அவர்தான் வைக்க வேண்டும். இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். ஆள் வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அந்த ஃபயரைப் பற்றவைக்க வேண்டாம், அப்பாவுக்கு ஒரு எலெக்ட்ரிக் ஹீட்டர் வாங்கிக் கொடுங்கள்.