சைக்கிளில் மலையேறினால் பாதம் மரத்துப்போகுதா?

மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையின் பர்லியாறு ஏற்றத்தில் என்னை மறித்துக் கேட்டவர்களுக்கு அங்கேயே சொன்னதை, எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

மேட்டுப்பாளையம்: அண்ணா, கல்லாறு தாண்டி அரைமணி மிதிச்சா வலது பாதம் மரத்துப்போகுது. சமவெளியில ஒண்ணுமில்ல. ஷூவை மாத்தணுமா?

காசை எடுக்காதீங்க தம்பி, முதல்ல கியரைப் பாருங்க. கனமான கியர்ல மெதுவா மிதிக்கறப்ப முன்பாதத்துல பாரம் அப்படியே உட்கார்ந்துடும். விரல்களுக்குப் போற நரம்புங்க அங்கதான் எலும்புகளுக்கு நடுவுல ஓடுது, நசுங்கினா மரத்துடும். இலகு கியருக்கு இறங்கி வேகமா மிதிங்க. பின்னாடி பெரிய பல்சக்கரம் 28 பல்லுன்னா, 32 ஏறுமான்னு மெக்கானிக்கைக் கேளுங்க. இன்னொண்ணு: போகப் போகப் பாதம் வீங்கும். கீழே இறுக்கிக் கட்டின லேஸை பர்லியாறு பழக்கடைகிட்ட நிறுத்தித் தளர்த்துங்க. ஒரு கால்ல மட்டும்னா அந்தக் கால் சற்றுப் பெருசா இருக்கலாம். சாயங்காலமா காகிதத்துல ரெண்டு பாதத்தையும் வரைஞ்சு பாருங்க, தெரிஞ்சுடும்.

குன்னூர்: அடியில பெடலோட பூட்டிக்கற கட்டை (கிளீட்) வச்ச ஷூ வாங்கினதிலிருந்து முன்பாதத்துல நெருப்பு வச்ச மாதிரி எரியுதுங்க.

கிளீட் ரொம்ப முன்னாடி இருக்கும். 3 மில்லிமீட்டர் குதிகால் பக்கம் நகர்த்துங்க, சீட்டையும் ஒரு நூல் இறக்குங்க. பழைய இடத்தை மார்க்கர்ல கோடு போட்டுட்டு ஸ்க்ரூவைத் தொடுங்க. கோடு போடாம கழட்டிட்டு ஒரு மாசம் முழங்கால் வலியோட திரிஞ்சவன் சொல்றேன்.

ஊட்டி: டிசம்பர் விடியல்ல ரெண்டு சாக்ஸ் போட்டும் விரல் விறைக்குது.

அந்த ரெண்டாவது சாக்ஸைக் கழட்டுங்க! இறுகின ஷூவுக்குள்ள ரத்தம் எப்படி ஓடும்? ஒரே கம்பளி சாக்ஸ், மேலே காத்து புகாத உறை போதும். தலைகுந்தா உறைபனியில எனக்கு இதுதான் கைகொடுக்குது.

கோத்தகிரி: தம்பி, வயசு 54, சர்க்கரை இருக்கு. வண்டியை விட்டு இறங்கி ஒரு மணி நேரமாகியும் மரப்பு போகல.

ஐயா, இதுக்கு ஷூவும் கியரும் மருந்தில்ல. சர்க்கரையால நரம்பு பாதிச்சிருக்கலாம். இந்த வாரமே டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில பாருங்க. மரத்த காலுக்குக் கொப்புளம் வந்தாலும் தெரியாது.

குன்னூர், மறுபடி: ரப்பர் செருப்போட ஏறலாமா?

பால் வாங்கப் போகலாம்.