கனடாவில் இருக்கும் மகளின் பெயரில் வீடு: முற்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: திருகோணமலையில் வாடகைக்கு இருக்கிறோம். மனைவி ஆசிரியை, நான் தனியார் கம்பனியில் வேலை. அன்புவழிபுரத்தில் 12 பேர்ச் காணியோடு ஒரு வீடு 90 லட்சத்துக்கு வந்திருக்கிறது. வீடு கனடாவில் இருக்கும் மகளின் பெயரில், சீதனமாக எழுதிக் கொடுத்தது. தாய் இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறார், தாய்மாமன் அற்றோணியை (மகள் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை) வைத்து விற்கிறார். திங்கட்கிழமைக்குள் 10 லட்சம் கொடுத்தால் முத்திரை ஒட்டி எழுதித் தருவார்களாம். கன்னியாப் பக்கம் பெர்மிட் காணியில் இன்னொரு வீடு பாதி விலைக்கு இருக்கிறது. எதை எடுப்பது?

பதில்: திங்கட்கிழமை ஒரு சதமும் கொடுக்காதீர்கள். வேறு ஆள் காத்திருக்கிறார் என்று புரோக்கர் சொல்வார். காத்திருக்கட்டும், அவருக்கும் இதே சிக்கல்தான் வரும்.

முத்திரை ஒட்டி எழுதித் தரும் அந்தத் துண்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் காசு போவது அதிகமும் இந்த இடத்தில்தான். காணி விற்பனை மட்டுமல்ல, பிறகு விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் காணி உறுதி எழுதும் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டத்தில் இருந்து வருகிற விதி. வீட்டு மேசையில் எழுதிய துண்டு காசு கைமாறியதற்குச் சாட்சியாக நிற்கலாம், ஆனால் அதைக் காட்டி 'வீட்டை எனக்கே எழுது' என்று நீதிமன்றத்தில் கேட்க முடியாது. முற்பணம் கொடுப்பதென்றால் நொத்தாரிசு உடன்படிக்கையில் கொடுங்கள், வங்கி கடன் தர மறுத்தால் காசு திரும்ப வர வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

பெர்மிட் வீட்டை விட்டுவிடுங்கள். பாதி விலை என்றால் பாதி உரிமைகூட அதில் இல்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணியின் சொந்தக்காரர் அரசு. விற்பவருக்கு இருப்பது இருந்து ஆளும் அனுமதி மட்டும், அதை உங்களுக்கு விற்று எழுதும் உறுதி செல்லாது. கிராண்ட், அதாவது அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியும் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே இல்லாமல் கைமாற முடியாது. எல்லாரும் இப்படித்தான் வாங்குகிறார்கள் என்பார்கள். வாங்குகிறார்கள்தான், அப்புறம் பிரதேச செயலகத்துக்கும் சட்டத்தரணி வீட்டுக்கும் நடக்கிறார்கள். நீங்கள் வங்கிக் கடனில் வாங்க நினைத்தால் வங்கியும் அந்தக் காணியைத் தொடாது.

சரி, அன்புவழிபுரம் வீடு. இது உறுதிக் காணி, அதாவது அரசு அனுமதியில் இல்லாமல் உறுதியில் உள்ள சொந்தக் காணி என்பது நல்ல விசயம், ஆனால் சீதனமாக எழுதிய உறுதிகளில் ஒரு வரி மறைந்திருக்கும். மகளுக்கு எழுதிக் கொடுக்கும்போது பெற்றோர் தங்கள் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கம், பிள்ளை பார்க்காமல் விட்டால் தெருவில் நிற்கக் கூடாது என்ற பயம், அதில் பிழையும் இல்லை. அப்படி எழுதியிருந்தால் மகள் ஒருவர் விற்பதால் உங்களுக்கு முழு வீடு வராது, தாய் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கவும் வாடகை எடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஆகவே தாயும் கையெழுத்திட்டு சீவிய உரித்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டாலும் தாயோடு நேரில் கதையுங்கள். அவருக்கு விற்பனை பற்றித் தெரியுமா, எங்கே போகப் போகிறார், எந்தத் திகதிக்குள் என்று கேளுங்கள். அவர் முகத்தைத் திருப்பினால் அந்த வீட்டுப் பக்கம் போக வேண்டாம்.

நன்கொடையாக எழுதியதென்றால் மகள் அதை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏற்றுக்கொள்ளாத நன்கொடை நிற்காது. மகள் தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு உட்பட்டுத் திருமணம் செய்தவராக இருந்தால் (யாழ்ப்பாணத்து வேர் உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய) விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதமும் தேவை. இதைப் பலர் கேட்பதே இல்லை.

மாமனின் அற்றோணியை முழுவதும் வாசியுங்கள். காணியைப் பராமரிக்க, வழக்குப் பேச, வாடகைக்குக் கொடுக்க என்று எழுதிய அற்றோணியை வைத்து விற்க முடியாது, விற்கும் அதிகாரம் தெளிவாக அதில் இருக்க வேண்டும். பதிவு செய்யப்பட்டிருக்கிறதா, இடையில் ரத்துச் செய்யப்பட்டதா என்பதை உங்கள் நொத்தாரிசு பார்க்க வேண்டும், விற்பவரின் நொத்தாரிசு அல்ல. மகளோடு வீடியோவில் நீங்களே கதைத்து விலையைச் சொல்லுங்கள். மாமன் சொன்ன விலையும் மகளுக்குத் தெரிந்த விலையும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. காசைக் காசோலையாகவோ வங்கி மூலமாகவோ மகளின் கணக்குக்கே போடுங்கள்.

அடுத்தது காணிப் பதிவகத்தில் தோம்பு (காணியின் பதிவேட்டுப் பிரதி) எடுத்து, குறைந்தது 30 வருடத்துக்குப் பின்னோக்கிப் பார்ப்பது. தாய்க்குக் காணி எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. 30 வருடம் பின்னால் போனால் திருகோணமலையில் 1990 இடப்பெயர்வுக்குக் கிட்டப் போய் நிற்பீர்கள். ஆட்கள் ஓடிப்போன வளவுகளில் பிறகு வந்து இருந்தவர்கள், 'பத்து வருடமாக நாங்களே ஆண்டு வருகிறோம், அதனால் காணி எங்களுடையது' என்று தாங்களே ஒரு உறுதி எழுதி வைத்த கதைகள் உண்டு. உறுதிச் சங்கிலியின் அடியில் அப்படி ஒன்று இருந்தால் பழைய சொந்தக்காரர் யார் என்று தெரியாமல் வாங்காதீர்கள். யுத்தத்தால் உரிமை கோர முடியாமல் போனவர்களுக்காக 2016இல் தனிச் சட்டமே வந்தது. ஈடு (அடகு), வழக்குப் பதிவு இருந்தாலும் தோம்பில் தெரியும்.

கையெழுத்து வைத்த பிறகு பதிவு செய்வதில் நாள் இழுக்க விடாதீர்கள். ஒரே காணியை இரண்டு பேருக்கு விற்றால், முதலில் பதிந்தவருக்கே 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டம் முன்னுரிமை கொடுக்கிறது.

நில அளவையாளரை வைத்து எல்லையைப் பிளானோடு ஒப்பிடுங்கள். உள்ளூராட்சி சபையில் சோலை வரி நிலுவையையும், வீதிக்கோட்டுச் சான்றிதழையும் (வீதி விரிவாக்கத்தில் காணி அடிபடுமா என்று சொல்வது), வீட்டுக்கு அனுமதி பெற்ற வரைபடம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். மனம் மாறி உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் போனால் கடலில் இருந்து 300 மீற்றர் கரையோர வலயம் என்பதால் கட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும்.

வீட்டை மாரியில் ஒருதரம் பாருங்கள். முற்றத்தில் தண்ணீர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது வெயிலில் தெரியாது. கிணற்றுத் தண்ணீரை ஓகஸ்ட், செப்டெம்பரில் குடித்துப் பார்த்தால்தான் உவர் தெரியும். அதுவரை காத்திருக்க முடியாதென்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், கிணறு விசயத்தில் யாரும் பொய் சொல்வதில்லை.

காசுக் கணக்கில் 90 லட்சத்தோடு நிற்காதீர்கள். முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம் என்றால் 3,59,000 ரூபா வருகிறது. நொத்தாரிசு கட்டணம், அளவைக் கூலி, வங்கியின் மதிப்பீட்டாளர் கூலி எல்லாம் அதற்கு மேலே. இவற்றைக் கைக்காசில் வைத்திருங்கள். உங்கள் ஊழியர் சேமலாப நிதியில் 10 வருடப் பங்களிப்பும் 3 லட்சத்துக்குக் குறையாத மீதியும் இருந்தால், வீட்டுக்கென்று 30 வீதம் வரை எடுக்கும் வசதி இருக்கிறது, தொழில் திணைக்களத்தில் விசாரியுங்கள்.