68 வயது அப்பாவுக்குக் கிரியேட்டின் பவுடர் கொடுக்கலாமா? தரையில் உட்கார்ந்தால் எழத் தடுமாறுகிறார்.

சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். ஆனால் பவுடரைக் கரைத்துக் கொடுத்துவிட்டு அவரை டிவி முன்னால் உட்கார வைப்பதாக இருந்தால், அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கிப் போடுங்கள்.

எங்களுக்குச் சேலம் அம்மாப்பேட்டை. என் அப்பா குழித்தறியில் நெய்தவர். வாழ்நாளெல்லாம் மிதித்த கால்கள், தறியை நிறுத்தியதும் இளைக்கத் தொடங்கின. ஏற்காட்டில் அத்தை வீட்டு மேட்டில் பாதியிலேயே நின்றுவிடுவார். வயதானால் தசை கரைவது இயல்புதான்; உழைப்பு நின்றால் கரைவது வேகமெடுக்கிறது.

கிரியேட்டின் ஸ்டீராய்டு இல்லை, தசைக்குச் சட்டென்று ஆற்றல் கிடைக்க உதவும் பொருள். நம் உடலே நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 கிராம் தயாரித்துக்கொள்கிறது. மீனிலும் கறியிலும் இருக்கிறது, ஆனால் 5 கிராம் வேண்டுமென்றால் தினம் ஒரு கிலோ கறி தின்ன வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பெல்லாம் இந்தக் கணக்கில் எடுபடாது.

2017இல் 22 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். எடைப் பயிற்சி செய்த முதியவர்களில், கிரியேட்டினும் எடுத்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கிய உடல் எடை மற்றவர்களைவிடச் சுமார் 1.4 கிலோ கூடுதலாக ஏறியிருந்தது. இரு தரப்பும் பயிற்சி செய்தவை என்பதைக் கவனியுங்கள். என் அப்பா இன்று கை ஊன்றாமல் எழுகிறார் என்றால் பெரும்பங்கு பயிற்சிக்குத்தான் என்பேன். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்குவது என்றுதான் ஆரம்பித்தார். ஜிம்முக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டிலேயே செய்கிறார்.

அளவு தினம் 3 முதல் 5 கிராம் போதும். முதல் வாரம் 20 கிராம் என்று கடைக்காரர் சொன்னால் கேட்க வேண்டாம், வயிறுதான் கெடும். மோனோஹைட்ரேட் என்ற சாதாரண வகையே நன்றாக ஆராயப்பட்டது. விலை கூடிய மற்ற வகைகளால் கூடுதல் பயன் நிரூபணமாகவில்லை. தொடக்கத்தில் தசைக்குள் நீர் சேர்ந்து எடை சற்று ஏறும், பயப்பட வேண்டாம்.

பலரும் பதறுவது ரத்தப் பரிசோதனையில்தான். கிரியேட்டின் சிதைந்துதான் கிரியேட்டினின் என்ற கழிவாகிறது; சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளப்பது இதைத்தான். அதனால் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அந்த எண் கொஞ்சம் உயர்ந்து தெரியலாம். எனவே பவுடரைத் தொடங்குமுன் ஒரு முறை கிரியேட்டினின் பார்த்து அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு எந்த மருத்துவரிடம் போனாலும் இதை எடுப்பதை முதலிலேயே சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் சிறுநீரகத்தைச் சோதிக்கச் சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது தசையின் அளவையோ கிரியேட்டினையோ அவ்வளவாகச் சார்ந்ததல்ல. நீண்ட நாள் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகியிருக்கலாம் என்பதால், அவர்கள் விஷயத்தில் தொடங்குமுன் பார்க்கும் கிரியேட்டினின் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

சாப்பாட்டையும் பாருங்கள். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். காலையில் இட்லி, மாலையில் தட்டுவடை செட் என்று ஓட்டினால் பாதிகூடத் தேறாது.