1001-இல் வந்து நிற்கும் கணக்கு

கேள்வி: என் மகன் படிவம் 1 படிக்கிறான். 720720-இன் பகாக் காரணிகளைக் கண்டுபிடிக்கும் கணக்கில் 1001 வரை வந்துவிட்டு, ‘இது பகா எண்’ என்று எழுதி நிறுத்திவிட்டான். தப்பு என்று திருத்தி வந்திருக்கிறது. இந்த எண்ணுக்கு மொத்தம் எத்தனை காரணிகள் என்றும் கேட்டிருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து டவுனுக்கு டியூஷன் அனுப்ப வசதியில்லை. நானே எப்படிச் சொல்லிக்கொடுப்பது? – ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, பையன் முக்கால்வாசிக் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறான். 2-ஆல் நான்கு முறை, 3-ஆல் இரண்டு முறை, 5-ஆல் ஒரு முறை வகுத்தால் 360360, 180180, 90090, 45045, 15015, 5005, 1001 என்று இறங்கும். இங்கேதான் பிள்ளைகள் பலரும் நின்றுவிடுகிறார்கள். 2, 3, 5 மூன்றாலும் வகுபடவில்லை என்பதற்காக ஒரு எண் பகா எண் ஆகிவிடாது.

எதுவரை சோதிப்பது? 32 × 32 = 1024. இது 1001-ஐத் தாண்டிவிட்டது. 1001 இரண்டு எண்களின் பெருக்கலாகப் பிரிந்தால் அதில் சின்னது 32-க்குள் இருந்தே ஆகவேண்டும். ஆகவே 31 வரையுள்ள பகா எண்களைப் பார்த்தால் போதும். அடுத்து 7-ஐப் போட்டதுமே விடை வந்துவிடுகிறது: 1001 = 7 × 143. அப்புறம் 143 = 11 × 13. இந்த 7 × 11 × 13 = 1001 என்பதை அவன் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துகொள்ளட்டும். 720720 போல மூன்று இலக்கம் அப்படியே திரும்பி வரும் எண் எதுவானாலும் 1001-ஆல் வகுபடும். இது 720 × 1001 என்று பார்த்ததும் சொல்லிவிடலாம்.

காரணிகளின் எண்ணிக்கைக்கு ஒவ்வொன்றாக எழுதவே வேண்டாம். ஒரு காரணியில் 2 என்பது நான்கு முறை வரை வரலாம், வராமலும் போகலாம். ஆக 5 வழி. 3-க்கு 3 வழி. 5, 7, 11, 13 நான்குக்கும் தலா 2 வழி. 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240.

இதைவிடச் சின்ன எண் எதற்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இந்த வகை எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-இல் ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதினார். பையனிடம் அவசியம் சொல்லுங்கள். பெரட்டில் (தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) 720720 பேரை நிறுத்தினால் 1 முதல் 16 வரை எத்தனை வரிசையாகவும் மிச்சமில்லாமல் பிரிக்கலாம். 17 வரிசை என்றால்தான் 5 பேர் மிஞ்சுவார்கள். 1 முதல் 16 வரை எல்லாவற்றாலும் வகுபடும் மிகச் சிறிய எண்ணும் இதுதான்.

சரி, 7, 11, 13-ஆல் வகுபடுமா என்று பழகிப் பார்க்க 635922-ஐக் கொடுங்கள். மும்மூன்று இலக்கமாகப் பிரித்துக் கழிக்கச் சொல்லுங்கள்: 922 − 635 = 287. இந்த 287 ஏழால் வகுபடும். 11-ஆலும் 13-ஆலும் வகுபடாது. 635922 = 635 × 1001 + 287 என்பதால் அதுவும் அப்படியேதான்.