சிக்னலில் நடுங்கும் இன்ஜின்

கேள்வி: என்னுடைய பெட்ரோல் காருக்குப் பத்து வயதாகிறது. சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நிற்கும்போது இன்ஜின் நடுங்குகிறது. சில நேரம் அணைந்தும் விடுகிறது. ஆனால் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால் எந்தக் குறையும் தெரிவதில்லை. ஸ்பார்க் பிளக், ஃபியூயல் ஃபில்டர் இரண்டையும் மாற்றியாகிவிட்டது. இப்போது ஃபியூயல் பம்ப்பையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
வாசகர், மதுரை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பம்ப் பலவீனமாகியிருந்தால், பெட்ரோல் அதிகம் தேவைப்படும் ஏற்றத்திலும் அதிவேகத்திலும்தான் வண்டி முதலில் திணறும். உங்கள் வண்டியோ அங்கெல்லாம் நன்றாக ஓடிவிட்டு, மிகக் குறைந்த பெட்ரோலே போதுமான ஐடிலிங்கில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும் நிலையில்) தடுமாறுகிறது. எனவே என் சந்தேகம் பெட்ரோலின் மீதல்ல, காற்றின் மீது.

ஐடிலிங்கின்போது காற்றை உள்ளே விடும் கதவான த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் அதிகமாக இருக்கும். விரிசல் விட்ட ஒரு ரப்பர் குழாய் வழியே அப்போது உறிஞ்சப்படும் காற்று, இன்ஜின் எடுத்துக்கொள்ளும் சொற்பக் காற்றில் கணிசமான பங்காகிவிடுவதால் கலவை கெட்டு இன்ஜின் நடுங்குகிறது; ஆக்சிலரேட்டரை மிதித்ததும் உள்ளே பாயும் பெருங்காற்றில் அந்தக் கசிவு பொருட்டாகவே இருப்பதில்லை.

'பிரேக்கை மிதித்தபடி' என்று நீங்கள் எழுதியிருப்பது முக்கியமான தடயமாக இருக்கலாம். நாம் மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டர் இயங்குவதும் இதே வெற்றிடத்தால்தான். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதிக்காமல் ஒரு நிமிடமும் மிதித்தபடி ஒரு நிமிடமும் கவனியுங்கள். மிதிக்கும்போது மட்டும் நடுக்கம் கூடி, பெடலின் பக்கம் 'உஸ்' என்ற சத்தம் விடாமல் கேட்டால், பூஸ்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருக்க வாய்ப்புண்டு. பிரேக் சம்பந்தப்பட்டது என்பதால் அதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

சத்தம் இல்லையென்றால் இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்குச் சென்று, ஃபியூயல் ட்ரிம் (அந்தக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டும் சதவீதம்) எவ்வளவு என்று ஐடிலிங்கிலும் 2500 ஆர்பிஎம்மிலும் பார்க்கச் சொல்லுங்கள். ஐடிலிங்கில் 20 சதவீதத்துக்கு மேல் கூட்டலில் நின்று, வேகம் கூடியதும் இயல்பான அளவுக்கு இறங்கினால் காற்றுக் கசிவு என்று ஏறத்தாழ முடிவே செய்யலாம். ஆனால் காற்றின் அளவை, மேனிஃபோல்டில் மேப் சென்சார் அளக்கும் அழுத்தத்தைக் கொண்டு கணக்கிடும் வண்டிகளில் இந்த அடையாளம் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. கசிந்து வரும் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடுவதால், ஐடிலிங் வேகம் ஏறிக்கிடப்பதுதான் அங்கே பெரும்பாலும் கண்ணில் படும். கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சூடான இன்ஜின் மீது கார்ப் கிளீனர் என்ற எளிதில் தீப்பற்றும் திரவத்தைத் தெளிப்பது பல பட்டறைகளில் வழக்கம். தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதால், புகை செலுத்திப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்டையே கேட்டு வாங்குங்கள்.

கசிவே இல்லையென்றால், கரி படிந்த த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து, ஐடிலிங் அளவை ஸ்கேனர் மூலம் மறுபடி பதியச் செய்ய வேண்டும். எரிந்த புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு இருந்தால், அது திறந்தபடியே சிக்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினால், எதைக் கழற்றியும் இன்ஜின் ஓட்டம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை என்று பொருள். அதன் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை வேறொரு சிலிண்டருக்கு மாற்றிப் பார்த்தும் கோளாறு அதே சிலிண்டரில் நின்றால் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் சோதனை) எடுங்கள். வால்வு சரியாக மூடாமல் கசிந்தாலும், அது முதலில் வெளிப்படுவது ஐடிலிங்கில்தான்.