சந்திரசேகர் எல்லைன்னா என்ன? கப்பல்ல வச்சே கண்டுபிடிச்சாராமே, நிஜமா?

எரிபொருள் தீந்துபோன நட்சத்திரம் சுருங்கி பூமி சைஸுக்கு வந்து நிக்கும்லா, அதுக்குப் பேரு வெள்ளைக் குள்ளன். சூரியனை மாதிரி சுமார் 1.4 மடங்கு எடைக்கு மேல இருந்தா அது அப்படி நிக்கவே முடியாது, அந்தக் கணக்குதான் சந்திரசேகர் எல்லை.

ஏன்னு சொல்லுதேன். சாயங்காலம் ஜங்ஷன்ல இருந்து பாளையங்கோட்டை போற டவுன் பஸ்ஸ நினைச்சுக்கோங்க, ஒரு சீட்ல ஒருத்தர்தான், வெளிய இருந்து தள்ளத்தள்ள உள்ள நிக்கவங்க எதிர்த்துத் தள்ளுவாவ. எலக்ட்ரானும் அப்படித்தான், ஒண்ணு இருக்க எடத்துல இன்னொண்ண விடாது, அந்த எதிர்ப்புதான் நட்சத்திரத்தத் தாங்குது. ஆனா எடை கூடக்கூட எலக்ட்ரான் வேகம் ஒளி வேகத்த நெருங்கிரும், அதுக்கு மேல வேகம் கூட வழியில்ல, ஈர்ப்பு ஜெயிச்சிரும்.

இதக் கண்டுபிடிச்ச இயற்பியல் விஞ்ஞானி சந்திரசேகர், மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ்ல படிச்சிட்டு 1930ல, 19 வயசுல, கேம்பிரிட்ஜ் போற கப்பல்லதான் இந்தக் கணக்கோட ஆரம்பத்தப் போட்டாரு, அப்புறம் வருஷக்கணக்கா அத சரிபண்ணுனாரு. 1935ல லண்டன் கூட்டத்துல எடிங்டன்னு ஒரு பிரிட்டிஷ் வானியல் விஞ்ஞானி, அவ்வளவு பெரிய மனுஷன், எல்லார் முன்னாலயும் இந்தக் கணக்கக் கேலி பண்ணிட்டாரு (எனக்கு இப்பவும் கடுப்பா இருக்கு). சந்திரசேகர் சண்டைக்கு நிக்கல, 1937ல சிகாகோ போயி கடைசி வரைக்கும் அங்கனயே வேலை பாத்தாரு. நோபல் 1983லதான் வந்துச்சு.

1.4க்கு மேல போனா நேரா கருந்துளைதான்னு நிறைய பேரு நினைக்காவ, அப்படி இல்ல, நடுவுல நியூட்ரான் நட்சத்திரம்னு, வெள்ளைக் குள்ளனவிட இன்னும் சுருங்கி இறுகிப்போன ஒரு ஸ்டாப் இருக்கு.