முழுக் கடவுள், முழு மனிதர்: கிறிஸ்து பிறப்பு பற்றிக் கேள்வி பதில்

தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ளவர்கள் கேட்ட கேள்விகள் இவை. லத்தீன், மலங்கரை, ஆர்த்தடாக்ஸ், சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே என்று எல்லாச் சபையாரும் கேட்டிருக்கிறார்கள். கேட்டவரின் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். பதில் சொல்பவர் கிறிஸ்தியலும் (கிறிஸ்து யார் என்பதைப் பற்றிய இறையியல்) திருச்சபை வரலாறும் கற்பிப்பவர்.

தொடங்கும் முன் பதிலாளர்: இரண்டு விஷயம். "பாதி கடவுள், பாதி மனிதர்" என்று யாரும் எழுத வேண்டாம். எந்தத் திருச்சபையும் அப்படிப் போதிக்கவில்லை. அடுத்தது, உவமை சொல்லி விளக்கக் கேட்காதீர்கள். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லும் உவமை ஒவ்வொன்றுக்குள்ளும் பழைய தப்பறை (திருச்சபை தள்ளிய போதனை) ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

களியக்காவிளை: ஐயா, டிசம்பர் 25 ரோமாக்காரனுக்க சூரியக் கடவுள் பெருநாள்தானே? அதைத்தானே நாம கிறிஸ்துமஸ்னு கொண்டாடுறோம்?

பதில்: அவ்வளவு நேராகச் சொல்லிவிட முடியாது. அவுரேலியன் பேரரசர் 274இல் ரோமில் சூரியக் கடவுளுக்குக் கோவில் அர்ப்பணித்தது உண்மை. ஆனால் டிசம்பர் 25ஐச் சூரியனின் பிறந்தநாளாகக் காட்டுவதும், கிறிஸ்துவின் பிறந்தநாளாகக் காட்டுவதும் 354ஆம் ஆண்டின் ஒரே ரோமைத் தொகுப்பில்தான் முதலில் தெளிவாகக் கிடைக்கின்றன. யாரைப் பார்த்து யார் எடுத்தார் என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. இன்னொரு கணக்கும் உண்டு. மேற்கில் சிலர் இயேசு இறந்த நாளை மார்ச் 25 என்று கணித்தார்கள். கருவான நாளும் அதுவே என்று எடுத்துக்கொண்டால் ஒன்பது மாதம் கழித்து டிசம்பர் 25 வரும். கிழக்கில் சாவை ஏப்ரல் 6 என்று வைத்தவர்களுக்குப் பிறப்பு ஜனவரி 6. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் அந்த நாளில்தான் கொண்டாடுகிறது. நற்செய்தி நூல்களில் தேதியே கிடையாது. எந்த நம்பிக்கை அறிக்கையிலும் தேதி இல்லை.

குழித்துறை: கடவுள் ஏன் பிறக்கணும்? வானத்தில இருந்தே மன்னிச்சா ஆகாதா?

பதில்: மன்னிப்பு மட்டும் போதும் என்றால் ஒரு சொல் போதும். அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியார் நாலாம் நூற்றாண்டிலேயே இதைக் கேட்டுப் பதிலும் சொல்லிவிட்டார். மனிதன் செய்தது வெறும் குற்றமாக மட்டும் இருந்திருந்தால் மனம் மாறினால் தீர்ந்திருக்கும். சாவு மனித இயல்புக்குள்ளேயே இறங்கிவிட்டது. அதை வெளியே நின்று அகற்ற முடியாது, உயிரானவர் உடலெடுத்து உள்ளே வரவேண்டும் என்பது அவருடைய வாதம்.

அதன் தொடர்ச்சியை அதே நூற்றாண்டு ஆயர் நாசியான்சு கிரகோரியார் ஒரு கடிதத்தில் ஒரே வரியில் வைத்தார்: எது ஏற்கப்படவில்லையோ அது குணமாக்கப்படவில்லை. லவோதிக்கேயா அப்போலினாரியு என்ற ஆயர், இயேசுவுக்கு மனித உடல் உண்டு, மனித மனம் கிடையாது, அந்த இடத்தில் இறைவார்த்தையே இருந்தது என்றார். கேட்கப் பக்தியாகத்தான் இருக்கும். ஆனால் பாவம் செய்வது மனம். மனத்தை அவர் ஏற்கவில்லை என்றால் நம் மனம் குணமாகவில்லை. 381ஆம் ஆண்டு கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் (ஆயர்கள் கூடி முடிவெடுக்கும் பேரவை) அந்தப் போதனையைத் தள்ளியது. இந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டால் கீழே வரப்போகும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

மனிதன் பாவம் செய்யாமலே இருந்திருந்தால் கடவுள் பிறந்திருப்பாரா? இடைக்கால இறையியலாளர்கள் இருவர் இதில் வேறுபட்டார்கள். அக்குவினாவின் தோமா, பிறந்திருக்க மாட்டார் என்ற பக்கம் சாய்ந்தார். தன்ஸ் ஸ்கோட்டஸ், அப்போதும் பிறந்திருப்பார், படைப்பின் முதல் நோக்கமே அதுதான் என்றார். கத்தோலிக்கத் திருச்சபை இரண்டு கருத்துக்கும் இடம் விட்டிருக்கிறது. எனக்கு ஸ்கோட்டஸ் பக்கம்தான் சாய்வு.

தூத்தூர்: அந்த நாளும் வேளையும் தெரியாது என்று இயேசுவே சொல்கிறாரே (மாற்கு 13:32). கடவுளுக்குத் தெரியாதது உண்டா?

பதில்: கிரகோரியாரின் பதில்: கடவுளாக அறிவார், மனிதராக அறியார். லூக்கா 2:52 அவர் ஞானத்தில் வளர்ந்தார் என்கிறது. வளர்கிற அறிவுதான் மனித அறிவு. எல்லாம் தெரிந்துகொண்டு தெரியாதவர்போல் நடித்தார் என்று விளக்குகிறவர்கள் கூடவே பசியையும் (மத்தேயு 4:2), கிணற்றடியில் களைத்து உட்கார்ந்ததையும் (யோவான் 4:6), படகில் தூங்கியதையும் (மாற்கு 4:38) நடிப்பு என்று சொல்லவேண்டி வரும்.

பிடிபடும் முன் இயேசு செபித்த கெத்சமனியிலும் இதே முடிச்சுதான். "என் விருப்பப்படி அல்ல" என்று அவர் சொல்ல வேண்டுமானால் அவருக்கென்று மனித விருப்பம் ஒன்று இருக்கவேண்டும். அதைச் சொன்னதற்காக மாக்சிமு என்ற துறவியின் நாக்கையும் வலது கையையும் 662இல் வெட்டினார்கள். 681இல் சங்கம் அவர் சொன்னதையே ஏற்றது.

அருமனை: டிசம்பர் 25 சூரியன் பண்டிகை என்று ஒரு வீடியோ பார்த்தேன், உண்மையா?

பதில்: முதல் பதில்.

மார்த்தாண்டம்: "தம்மையே வெறுமையாக்கி" (பிலிப்பியர் 2:7) என்றால் தெய்வத்தன்மையை மேலே கழற்றி வைத்துவிட்டு வந்தார் என்றுதானே?

பதில்: வசனத்தை முழுக்கப் படியுங்கள். எப்படி வெறுமையாக்கினார் என்று அங்கேயே இருக்கிறது: அடிமையின் வடிவை ஏற்று. இல்லாததை எடுத்துக்கொண்டார், இருந்ததை விடவில்லை. விட்டுவிட்டு வந்திருந்தால் தொழுவத்தில் கிடந்தவர் கடவுள் அல்ல, முன்பு கடவுளாக இருந்த ஒருவர் என்றாகும்.

நெய்யாற்றின்கரை: பக்கத்து வீட்டு அக்கா "நம்ம கண்ணன் பிறந்த மாதிரிதானே" என்று கேட்கிறார். என்ன சொல்ல?

பதில்: முதலில் சண்டை போடாதீர்கள், அன்போடு கேட்கிறார். வைணவத்தில் அவதாரங்கள் பல, யுகத்துக்கு யுகம் வரும். கிறிஸ்தவத்தில் ஒரே தடவை, இனி இல்லை. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்றுண்டு, நம் ஆட்களே அதை மறந்துபோகிறார்கள்: எடுத்த மனித உடலை அவர் திரும்பக் கழற்றவே இல்லை. உயிர்த்தபின் காயத்தழும்போடு வந்தார், மீன் தின்றார், அதே உடலோடு விண்ணேறினார். இன்றைக்கும் அவர் மனிதர்தான்.

முஞ்சிறை: பக்கத்து ஆர்த்தடாக்ஸ் பள்ளியில (கோவில்ல) மைக்கில கேக்கும்: "மரணமில்லாத்தவனே, நீ பரிசுத்தனாகுன்னு. ஞங்ஙள்க்கு வேண்டி குரிசிக்கப்பெட்டவனே, ஞங்ஙளோடு கருண செய்யணமே." சாகாதவர் எப்படிச் சிலுவையில சாவாரு? அவங்களுக்கு ஒரே இயல்புதான், இயேசு மனுசரே இல்லைன்னுதானே போதனை?

பதில்: இல்லை. எல்லையோரத்தில் அதிகம் கேட்கும் தவறான பேச்சு இது. அந்தச் செபத்தில் "குரிசிக்கப்பெட்டவனே" (சிலுவையில் அறையப்பட்டவரே) என்ற பகுதி அந்தியோக்கியாவில் ஐந்தாம் நூற்றாண்டில் சேர்ந்தது. சேர்த்தவர் பேதுரு என்ற பிதாப்பிதா (தலைமை ஆயர்) என்பது மரபு. கான்ஸ்டான்டிநோபிளில் அந்தச் செபத்தை மூவொரு கடவுளை நோக்கிச் சொன்னார்கள், அதனால் தந்தையும் சிலுவையில் இறந்தாரா என்று கொதித்தார்கள். சுறியானி வழக்கில் அது மகனை மட்டும் நோக்கியது. அப்படிப் பார்த்தால் நீங்கள் குற்றமாகச் சொன்ன வரியே மனிதராதலின் சுருக்கம்: சாவே இல்லாதவர், சாகக்கூடிய உடலெடுத்து, அந்த உடலில் இறந்தார். மலங்கரைக் கத்தோலிக்கரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

"ஒரே இயல்பு" என்பது ஐந்தாம் நூற்றாண்டு ஆயர் அலெக்சாந்திரியா சிரிலின் வாய்பாடு: வார்த்தையான கடவுளின் உடலெடுத்த ஒரே இயல்பு. "உடலெடுத்த" என்ற இடத்தில் முழு மனிதமும் வந்துவிட்டது. மனிதம் தெய்வத்தில் கரைந்து போயிற்று என்று போதித்தவர் யூத்திக்கஸ். அவரை ஆர்த்தடாக்ஸ் சபையும் தள்ளியிருக்கிறது.

முஞ்சிறை: அப்போ 451இல் கல்செதோன் சங்கத்தோட ஏன் பிரிஞ்சாங்க?

பாறசாலை: எங்கள யூத்திக்கஸ் ஆளுகன்னு இன்னும் எத்தனை நாளு சொல்லுவீங்க? கல்செதோன்தான் கிறிஸ்துவ ரெண்டாக் கீறினது. அதைக் கேளுங்க முதல்ல.

பதில்: முஞ்சிறைக்கு விளக்கம் சொன்னால் பாறசாலை வருவார் என்று எதிர்பார்த்ததுதான். கல்செதோன் அறிக்கையை எடுத்துப் படியுங்கள். "ஒருவரே, அவரே" என்று திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே ஆள், இரண்டு இயல்பு; கலப்பின்றி, மாற்றமின்றி, பிரிவின்றி, பிளவின்றி. முதல் இரண்டு யூத்திக்கஸுக்கு அடி, அடுத்த இரண்டு, கிறிஸ்துவை இரண்டு ஆளாகப் பிரித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட நெஸ்தோரியுவுக்கு அடி. இரண்டாகக் கீறியது என்ற குற்றச்சாட்டு அந்த வாசகத்தில் நிற்காது.

ஆனால் எகிப்திலும் சிரியாவிலும் இருந்தவர்களுக்கு "இரண்டு இயல்பு" என்றால் இரண்டு ஆள் என்றே காதில் விழுந்தது. சிரிலின் வாய்பாட்டைக் கைவிட்டதாக நினைத்தார்கள். அலெக்சாந்திரியா தியோஸ்கோருவைப் பதவி நீக்கியது, பேரரசின் படை பின்னால் போனது எல்லாம் சேர்ந்து காயத்தை ஆறவிடவில்லை. இப்போதைய நிலை: ரோமும் சுறியானி ஆர்த்தடாக்ஸ் பிதாப்பிதாவும் 1984இல் கூட்டறிக்கை விட்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் திருச்சபையும் 1990இல் கிறிஸ்தியல் உடன்பாடு வெளியிட்டன. முழுக் கடவுள், முழு மனிதர், ஒருவரே என்பதில் இருவருக்கும் தகராறு இல்லை. பிரிவு தொடர்வது வேறு காரணங்களால்.

முஞ்சிறை: இரும்பும் தீயும் சேர்ந்த மாதிரின்னு எடுத்துக்கலாமா?

பதில்: உவமை வேண்டாம் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

கொல்லங்கோடு: உங்க சங்கத்துச் சண்டை முடிஞ்சா எங்க கேள்வியையும் பாருங்க. மரியாள் கடவுளின் தாய் என்றால் கடவுளுக்கே அவள்தான் தொடக்கமா?

பதில்: அப்படி யாரும் சொல்லவில்லை. எந்தத் தாயும் பெறுவது ஓர் ஆளை, இயல்பை அல்ல. மரியா பெற்ற ஆள் யார் என்பதுதான் கேள்வி. நெஸ்தோரியு "கிறிஸ்துவின் தாய்" என்றால் போதும் என்றார். 431இல் எபேசு சங்கம், பிறந்தவர் கடவுளே, எனவே கடவுளின் தாய் என்று நிறுத்தியது. அது மரியாவைப் பற்றியதைவிடக் குழந்தையைப் பற்றிய தீர்ப்பு.

பளுகல்: மலங்கரைக் கோவில்ல கிறிஸ்துமஸ் ராத்திரி முற்றத்துல தீ போடுறாங்களே, எதுக்கு?

பதில்: இடையர்களைச் சுற்றி ஒளிர்ந்த ஆண்டவரின் மாட்சி அது (லூக்கா 2:9). சிலுவை வடிவில் குழி வெட்டி, ஓசானா ஞாயிற்றில் வாங்கி வைத்த குருத்தோலையை அதில் போட்டு எரிப்பார்கள். மக்கள் குந்திரிக்கம் (நறுமணப் பிசின்) இடுவார்கள். ஓலை வீட்டிலேயே நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். ஈரம் இருந்தால் புகை மட்டும்தான் மிஞ்சும், அப்போது யாராவது மண்ணெண்ணெய் ஊற்றப் போவார். ஊற்றக்கூடாது, தீ மேலேறிக் கையைப் பிடிக்கும்.

வெள்ளறடை: புல்கூட்டில் (கிறிஸ்துமஸ் குடிலில்) ராஜாக்கள் எத்தனை? எப்போது வைக்கணும்?

பதில்: மத்தேயு எண்ணிக்கை சொல்லவில்லை, ராஜா என்றும் சொல்லவில்லை, ஞானிகள் என்கிறார். காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்றாயிற்று. அவர்கள் வந்தது "வீட்டுக்குள்" (2:11). எனவே முதலில் தள்ளி வைத்து ஜனவரி 6க்குக் கிட்டே நகர்த்துங்கள். குழந்தையை 24 இரவு வரை வைக்காதீர்கள். மாடும் கழுதையும் நற்செய்தியில் இல்லை, எசாயா 1:3இலிருந்து வந்தவை. சீரியல் பல்பு வயரை வைக்கோலுக்குள் புதைக்காதீர்கள்.

படந்தாலுமூடு: ரஷ்யாக்காரன் ஜனவரி 7இல் கொண்டாடுகிறான். அப்போ 25 தப்புதானே?

பதில்: அவர்களுக்கும் அது டிசம்பர் 25தான். ஜூலியன் நாட்காட்டி 13 நாள் பின்னால் ஓடுகிறது. தேதிக் கேள்விக்கு இனிப் பதில் கிடையாது.

இடைக்கோடு: ராத்திரிப் பூசை எத்தனை மணிக்கு?

பதில்: உங்கள் பங்கில் கேளுங்கள்.

உதயன்குளங்கரை: லத்தீன் பூசையில் விசுவாச அறிக்கையின்போது சிலர் முழந்தாளிடுகிறார்கள், சிலர் நிற்கிறார்கள். எது சரி?

பதில்: உடலெடுத்து மனிதர் ஆனார் என்னும் இடத்தில் சாதாரண நாளில் எல்லாரும் தலை வணங்கவேண்டும். கிறிஸ்து பிறப்பு அன்றும் மார்ச் 25 அறிவிப்புப் பெருவிழா அன்றும் அதே இடத்தில் முழந்தாளிடவேண்டும். மூட்டு வலி உள்ளவர் வணங்கினால் போதும். தடுமாற்றம் வருவது பாடகர் குழுவால்தான். அவர்கள் அந்த வரியை ஓட்டமாகப் பாடி அடுத்ததற்குப் போய்விட்டால் பாதிப் பேர் குனிவதற்குள் "பாடுபட்டு" வந்துவிடும். அந்த வரி முடிந்ததும் ஒரு மூச்சு நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.